நீலகிரிச் செவிலியர்கள் மிட்வைஃப் ஆவதற்கான மேற்பயிற்சி: முழுமையான வழிகாட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பிரசவ அறையில் பணியாற்றிக்கொண்டிருக்கும், மிட்வைஃபாக (இயல்பான பிரசவத்தைத் தம் பொறுப்பிலேயே கவனிக்கும் செவிலியராக) மேற்பயிற்சி பெற விரும்பும் செவிலியர்களுக்காக இது எழுதப்படுகிறது. படிகளின் வரிசை இதில் முக்கியமானது. ஆவணங்களைக் கடைசியில் தேடுபவர்கள் விண்ணப்பத் தேதியைத் தவறவிடுகிறார்கள். இயல்பான பிரசவத்தைக் கவனிக்கப் பழகுவதற்கு முன்பே அவசர சிகிச்சைகளைக் கற்க விரைபவர்கள், பயிற்சி முடிந்த பிறகும் எப்போது தலையிடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

1. எந்தப் பயிற்சி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

‘மிட்வைஃபரி ட்ரெய்னிங்’ என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு பயிற்சிகளைக் குறிப்பிடுகிறார்கள். எஸ்.பி.ஏ. எனப்படும் திறன்மிகு பிரசவ உதவியாளர் பயிற்சி 21 நாட்கள். தக்ஷதா பயிற்சி 3 நாட்கள். இவை இரண்டும் பணியில் இருப்பவர்களின் திறனைப் புதுப்பிப்பவை. இவற்றால் உங்கள் தகுதி நிலை மாறாது. மகப்பேறு செவிலியியலில் எம்.எஸ்சி. என்பது 2 ஆண்டுப் படிப்பு. அதை முடித்தவர்களில் பெரும்பாலோர் கற்பித்தல் பணிக்கே செல்கிறார்கள்.

நான்காவதுதான் இங்கே பேசப்படுவது: நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி, சுருக்கமாக என்.பி.எம். மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட மிட்வைஃபரி சேவை வழிகாட்டுதல்களின்படி இது 18 மாத உறைவிடப் பயிற்சி. இதை முடித்தவர், சிக்கலில்லாத கர்ப்பத்தையும் பிரசவத்தையும் பிரசவத்திற்குப் பிந்தைய காலத்தையும் தம் பொறுப்பில் கவனிப்பார். சிக்கல் தோன்றும் இடத்தில் மருத்துவரிடம் ஒப்படைப்பார். அவர் பணியாற்றும் மிட்வைஃப் தலைமையிலான பராமரிப்புப் பிரிவு, பிரசவ எண்ணிக்கை அதிகமுள்ள பெரிய மருத்துவமனைகளுடன் இணைந்தே அமைக்கப்படுகிறது.

கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ.என்.எம். (துணைச் செவிலியர் பயிற்சி) தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு இதில் நேரடியாகச் சேர முடியாது. ஜி.என்.எம். (பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு) அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, செவிலியராகவும் மிட்வைஃபாகவும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்தப் பதிவில் வரும் ‘மிட்வைஃப்’ அடிப்படைப் படிப்போடு வழக்கமாகக் கிடைப்பது, என்.பி.எம். தகுதி வேறு. பல ஆண்டுகள் மலைக் கிராமங்களில் நடந்து பிரசவம் பார்த்தவருக்கு இது வருத்தம் தரும் விதிதான். ஆயினும் அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஜி.என்.எம். படிப்பிலிருந்து திட்டமிடலாம்.

2. பதிவுச் சான்றுகளைச் சரி செய்யுங்கள்

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் உங்கள் பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். செவிலியர், மிட்வைஃப் ஆகிய இரண்டு பதிவுகளும் இருக்க வேண்டும். தேசிய செவிலியர் பதிவேட்டில் வழங்கப்படும் தனித்த அடையாள எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

நீலகிரியில் இந்தப் படியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். கூடலூர், பந்தலூர் பகுதியினர் பலர் கேரளத்திலோ மைசூருவிலோ பெங்களூருவிலோ படித்து, அங்குள்ள குழுமத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். வேற்று மாநிலப் பதிவைத் தமிழ்நாட்டிற்கு மாற்ற, அந்தக் குழுமத்தின் ஒப்புதலும் சரிபார்ப்பும் தேவை. இரு அலுவலகங்களுக்கிடையே கடிதம் போய்வர வேண்டியிருப்பதால், பயிற்சி அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது. விண்ணப்பிக்கும் எண்ணம் தோன்றிய வாரத்திலேயே இதைத் தொடங்குங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்று, நர்சிங் சான்று, ஆதார் ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்றும் இப்போதே பாருங்கள்.

3. பிரசவ அறை அனுபவத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள்

பிரசவம் பார்த்ததில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது 2018 வழிகாட்டுதலின் எதிர்பார்ப்பு. ‘ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதிய சான்று இதற்குப் போதாது. எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பிரசவ அறைப் பொறுப்பு இருந்ததா என்பவை சான்றிலேயே இடம்பெற வேண்டும்.

எண்ணிக்கையைப் பிரசவப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். அதில் உங்கள் கையொப்பம் உள்ள வரிகளை மட்டும் கணக்கிடுங்கள். உதவியாக நின்ற பிரசவத்தையும் நீங்களே பார்த்த பிரசவத்தையும் சேர்த்து எழுதுவது பரவலான தவறு. நேர்முகத்தில் ஒரு பிரசவத்தைப் பற்றி விரிவாகக் கேட்டால் அந்தக் கலப்பு உடனே வெளிப்பட்டுவிடும். உண்மையான எண்ணிக்கையும் சேர்ந்து சந்தேகத்திற்குள்ளாகும்.

தாய்மாரின் பெயர், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), முகவரி ஆகியவற்றை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். தேதியும் பதிவேட்டு வரிசை எண்ணும் போதும்.

4. பணியிட அனுமதியும் வீட்டு ஏற்பாடும்

18 மாதம் உறைவிடமாகப் படிக்க வேண்டியிருப்பதால், அரசுப் பணியில் இருப்பவர்கள் துறை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வயது வரம்பு, பயிற்சிக்குப் பிறகு பணியாற்ற வேண்டிய காலம், பயிற்சிக் காலச் சம்பளம் ஆகிய மூன்றையும் அந்தந்த அறிவிக்கையில் எழுத்தில் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுபவர்கள், பயிற்சி முடிந்து திரும்பும்போது தங்கள் இடம் இருக்குமா என்பதையும் எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். சிறு குழந்தை உள்ளவர்கள் இந்தப் படியில் வீட்டாருடன் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது. படிப்பின் நடுவில் விட்டுச் செல்பவர்கள் பாடம் கடினம் என்று செல்வது அரிது. வீட்டு ஏற்பாடு குலைந்தே செல்கிறார்கள்.

5. சேருவதற்கு முன் கையையும் காதையும் தயார் செய்யுங்கள்

புத்தகங்களைப் பயிற்சியில் தருவார்கள். அங்கே செல்வதற்கு முன் நீங்கள் மீட்டெடுக்க வேண்டியவை, கருவிகளை நம்பி நாம் கைவிட்ட அடிப்படைத் திறன்கள்.

வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் கிடப்பை அறிவதை ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், அவர் அனுமதி பெற்று, செய்து பாருங்கள். ஸ்கேன் அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் கணிப்பை எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். அறிக்கையைப் பார்த்த பின் தொட்டால், கை அந்த அறிக்கை சொன்னதையே உணரும்.

குழந்தையின் இதயத் துடிப்பை டாப்ளர் என்ற மின்கருவி காட்டும் எண்ணைப் பார்த்து எழுதும் வழக்கத்தை விட்டு, வயிற்றில் வைத்துக் காதால் கேட்கும் ஃபீட்டோஸ்கோப்பில் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் மழைநாள் இரவில் மலையில் மிஞ்சுவது அந்தக் கருவிதான். தாயின் நாடித் துடிப்பையும் அதே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். தாயின் துடிப்பைக் குழந்தையின் துடிப்பு என்று எழுதிவிடும் பிழையை அது தடுக்கும்.

6. பயிற்சியின் முதல் கட்டத்தில் கைவிட வேண்டிய வழக்கங்கள்

அனுபவமுள்ள செவிலியர்களே இந்தக் கட்டத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். விரைவாகப் பிரசவத்தை முடிப்பதே திறமை என்று நெரிசலான பிரசவ அறை அவர்களுக்குப் பழக்கியிருக்கிறது. மிட்வைஃப் பயிற்சி அந்த வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது.

முதல் பிரசவம் என்றாலே எபிசியாட்டமி போடுவது (பிறப்புறுப்பின் வாயைக் கீறி அகலப்படுத்துவது), வயிற்றின் மேல் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது, எனிமா கொடுப்பது, முடி மழிப்பது ஆகியவற்றை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 பரிந்துரைகளில் கூறியுள்ளது. வலி சற்றுத் தணிந்தவுடன் கருப்பையை இறுகச் செய்யும் ஆக்ஸிடோசினைச் சொட்டு மருந்தாக ஏற்றுவதும் இதே வகையைச் சேர்ந்தது. தேவையின்றி ஏற்றினால் கருப்பை இடைவிடாமல் இறுகிக் குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது.

இவற்றின் இடத்தில் நடமாட்டம், நீர், எளிய உணவு, துணைக்கு ஒரு பெண், விரும்பிய நிலையில் பிரசவம் ஆகியவை வருகின்றன. பக்கவாட்டில் படுத்தும் குத்தவைத்தும் முழங்காலிட்டும் நடக்கும் பிரசவங்களைப் பயிற்சியில் பார்ப்பீர்கள். மல்லாந்த நிலையில் மட்டுமே பிரசவம் பார்த்தவர்களுக்கு முதலில் கையை எங்கே வைப்பது என்றே குழப்பமாக இருக்கும். ஆகவே பொம்மையைக் கொண்டு ஒவ்வொரு நிலையிலும் திரும்பத் திரும்பச் செய்த பிறகே தாயிடம் செல்லுங்கள்.

தொப்புள்கொடியைக் குறைந்தது 1 நிமிடம் காத்திருந்து வெட்டுவதும், பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைப்பதும் கேட்க எளிது. பழைய பிரசவ அறைக்குத் திரும்பியதும் முதலில் நழுவிப்போவனவும் இவைதாம். நெரிசல் இருக்கும்போதும் இவற்றை விடாமல் செய்து பழகுங்கள்.

7. பிரசவ முன்னேற்றத்தைப் பதிவு செய்யுங்கள்

18 மாதப் பயிற்சியில் ஒரே ஒரு திறனைத்தான் முழுமையாகக் கற்க முடியும் என்றால், இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். தலையிடுவதும் காத்திருப்பதும் அனுப்பிவைப்பதும் இந்தப் பதிவின் மீதே நிற்கின்றன.

நீங்கள் ஏற்கெனவே அறிந்த, பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடமான பார்ட்டோகிராஃப், கருப்பைவாய் 4 செ.மீ. திறந்ததும் தொடங்கும், எச்சரிக்கைக் கோடு மணிக்கு 1 செ.மீ. என்ற கணக்கில் செல்லும். செயல் கோடு அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட லேபர் கேர் கைடு என்ற புதிய பதிவுப் படிவம் 5 செ.மீ.-இல் தொடங்குகிறது, அதில் மணிக்கு 1 செ.மீ. என்ற கோடு கிடையாது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனித்தனி நேர வரம்பு உண்டு: 5 செ.மீ.-இல் 6 மணி நேரம், 6-இல் 5 மணி நேரம், 7-இல் 3 மணி நேரம், 8-இல் இரண்டரை மணி நேரம், 9-இல் 2 மணி நேரம். முன்னேற்றமின்றி அந்த நேரம் கடந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

இரண்டையும் கலப்பது புதியவர்களின் முதன்மையான பிழை. ஒரு தாய்க்கு எந்தப் படிவத்தில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். உங்கள் பயிற்சி மையமும் நீங்கள் திரும்பிச் செல்லும் மருத்துவமனையும் வெவ்வேறு படிவங்களைப் பயன்படுத்தினால், இரண்டின் அடிப்படைக் கணக்கையும் புரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் இதயத் துடிப்பைப் பிரசவத்தின் முதல் கட்டத்தில் 30 நிமிடத்திற்கு ஒரு முறையும் இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடத்திற்கு ஒரு முறையும் கேட்டுப் பதிய வேண்டும். வலி வரும்போது தொடங்கி, அது தணிந்த பின்னும் குறைந்தது அரை நிமிடம் கேளுங்கள். வலி ஓய்ந்த பிறகும் துடிப்பு மீளாமல் தாழ்ந்திருப்பதுதான் நாம் பிடிக்க வேண்டிய ஆபத்து. வலிக்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டும் கேட்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து படிவத்தை நிரப்பும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அப்படி நிரப்பிய படிவம் தணிக்கையைத் திருப்திப்படுத்தும். அந்தத் தாய்க்கு எந்தப் பயனும் தராது. படிவத்தைக் கட்டிலருகிலேயே வைத்து, ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் நின்ற இடத்திலேயே எழுதுங்கள். எழுதியதும் ‘இப்போது என்ன செய்வது’ என்ற கடைசிக் கட்டத்தையும் நிரப்புங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், கவனித்தோம், ஆனால் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

8. அவசர நிலைகளைக் குழுவாகப் பயிலுங்கள்

ரத்தப்போக்கிலிருந்து தொடங்குங்கள், மிகக் குறைந்த நேரம் தருவது அதுதான். பிரசவம் முடிந்தவுடன் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடுவதை எல்லோரும் செய்கிறார்கள். ரத்தத்தை அளப்பதில்தான் குறை உள்ளது. கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகவே மதிப்பிடுவோம். ஆகவே அளவு குறித்த டிரேப்பை (ரத்தம் சேரும் விரிப்பை) பயன்படுத்துங்கள். 500 மி.லி. வரை காத்திருக்காமல், 300 மி.லி.-இலேயே நாடித் துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று 2025-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் கூறுகிறது. கருப்பையைத் தேய்த்தல், ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், நரம்பு வழித் திரவம், காயம் உள்ளதா என்ற பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன் பலன் தெரியட்டும் என்று காத்திராமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். ட்ரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமான 3 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும்.

வலிப்பு வந்த தாய்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் மக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் அளவாக ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஆக 10 கிராம், தசையில் ஆழமாகப் போடப்படுகிறது. 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம் என்றால் 10 ஆம்பூல் உடைக்க வேண்டும். பதற்றத்தில் எண்ணிக்கை தவறாதிருக்க, பத்தையும் சிரிஞ்சுகளையும் ஒரே பெட்டியில் சேர்த்து வையுங்கள். மக்னீசியம் மிகுந்துவிட்டால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட்டும் அதிலேயே இருக்கட்டும். அடுத்த அளவுக்கு முன் முழங்கால் அனிச்சை அசைவு, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

அழாமலும் மூச்சு விடாமலும் இருக்கும் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்திற்குள் பையும் முகமூடியும் கொண்டு மூச்சு கொடுக்கத் தொடங்குவதும், தோள் சிக்கும்போது தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்குவதும் தனியாகச் செய்து பழகக் கூடாதவை. யார் நேரம் சொல்வது, யார் மருந்து எடுப்பது, யார் 108-ஐ அழைப்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டு பயிலுங்கள். துப்புரவுப் பணியாளரையும் இதில் சேருங்கள். இரவுப் பணியில் உங்களுடன் இருக்கும் இரண்டாவது ஆள் பல நேரங்களில் அவர்தான்.

9. மலைக்கென்று சேர்த்துக் கற்க வேண்டியவை

பயிற்சி மையம் பெரும்பாலும் சமவெளியில் இருக்கும். அங்கே கற்றதை மலைக்குப் பொருத்தும் வேலை உங்களுடையது.

முதலாவது தூரம். கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். மலைச்சாலையில் அதைச் சமவெளிக் கணக்கில் எண்ணக் கூடாது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் – மேட்டுப்பாளையம் பாதையும் மண்சரிவால் தடைபடக்கூடும். ஆகவே அறுவை சிகிச்சை கிடைக்கும் இடத்தை அடைய ஆகும் நேரத்தை உங்கள் மருத்துவமனையிலிருந்து கணக்கிட்டு, பகல், இரவு, மழை என மூன்றாகப் பிரித்துப் பிரசவ அறைச் சுவரில் எழுதி வையுங்கள். லேபர் கேர் கைடு தரும் நேர வரம்பிலிருந்து அந்தப் பயண நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மலையில் மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம் அதுதான். வரம்பு கடக்கும் வரை காத்திருந்து அழைத்தால் சமவெளியில் சமாளிக்கலாம், பந்தலூரில் முடியாது.

தொலைவான குடியிருப்புகளில் உள்ள கர்ப்பிணிகளைப் பிரசவத் தேதிக்கு முன்பே வரவழைத்துத் தங்கவைக்கும் பிரசவக் காத்திருப்பு அறைகள் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் இதற்காகவே உள்ளன. ஏழாம் மாதத்திலேயே குடும்பத்தாருடன் இதைப் பேசிவிடுங்கள். மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், தேயிலைத் தோட்டக் கூலி எத்தனை நாள் போகும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் எந்தத் தாயும் வந்து தங்கமாட்டார்.

இரண்டாவது குளிர். பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உதகையில் ஹீட்டரைப் பிரசவ நேரத்தில் போட்டால் அறை சூடாவதற்குள் குழந்தை குளிர்ந்துவிடும். வலி கூடத் தொடங்கியதுமே போடுங்கள். துணிகளையும் அப்போதே சூடாக்குங்கள். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊரே குளிராக இருக்கிறது என்று ஆக்ஸிடோசினை வெளியில் வைப்பதையும் பார்க்கிறோம். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மலையிலும் பகல் வெயிலில் அறை அதைத் தாண்டிவிடும். வீரியம் இழந்த மருந்து பார்வைக்கு எந்த மாற்றமும் காட்டாது.

மூன்றாவது உயரம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும். அதனால் பரிசோதனையில் வந்த அளவிலிருந்து உயரத்திற்கேற்பக் கழித்தே மதிப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணையில் 2,000 மீட்டருக்கு 0.8 கிராம் கழிவு. 2024-இல் இந்த அட்டவணை திருத்தப்பட்டது; புதியதையே பயன்படுத்துங்கள். 11 கிராம் என்ற அறிக்கையைப் பார்த்து ரத்தசோகை இல்லை என்று எழுதப்படும் உதகைக் கர்ப்பிணிகளில் பலருக்கு உண்மையில் அது இருக்கலாம்.

நான்காவது அரிவாள் செல் நோய், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் மரபுவழி நோய். இருளர், குறும்பர், பணியர் உள்ளிட்ட நீலகிரிப் பழங்குடியினரிடம் இது காணப்படுவது 1952-இலேயே பதிவாகியுள்ளது. முதல் வருகையிலேயே பரிசோதியுங்கள். தாய்க்கு அதன் கூறு (நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் நிலை) இருந்தால் கணவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோயுள்ள தாய்க்குக் குளிரும் நீரிழப்பும் கடும் வலியைத் தூண்டும். அவர் ரத்த வங்கியுள்ள மருத்துவமனையில், மருத்துவர் பொறுப்பில் பிரசவிக்க வேண்டியவர். எவ்வளவு நலமாகத் தோன்றினாலும் மிட்வைஃப் பிரிவில் அவரைச் சேர்க்காதீர்கள்.

10. பேசும் முறை

படுகர், பணியர், மலையாளம் பேசும் கூடலூர்க் குடும்பங்கள், தோட்டத் தமிழர்கள் என ஒரே நாளில் பல மொழிகளைக் கேட்கும் மாவட்டம் இது. ‘வலி எங்கே’, ‘குழந்தை அசைகிறதா’, ‘தொடலாமா’ ஆகிய கேள்விகளையாவது அவரவர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். உள்பரிசோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். சத்தம் போட்டதற்காகத் திட்டு வாங்கிய பெண், அடுத்த பிரசவத்தில் வலி வந்தும் வீட்டிலேயே இருந்துவிடுவார். அவர் தாமதமாக வந்ததற்குக் காரணமாக அறியாமை என்றே நாம் எழுதுவோம்.

11. லாக்புக்

பயிற்சியில் செய்தவற்றைப் பதியும் இந்த ஏட்டை அன்றன்றே எழுதி, அன்றன்றே கையொப்பம் பெறுங்கள். மேற்பார்வையாளர் மாறிவிட்டால் பழைய பக்கங்களில் கையொப்பம் பெறுவது பெரும்பாடு. பிரசவங்களின் எண்ணிக்கை நிறைந்தாலும், கர்ப்ப காலம் முதல் பிரசவத்திற்குப் பிந்தைய வாரங்கள் வரை ஒரே தாயைத் தொடர்ந்து பார்த்த பதிவுகள் பலரிடம் குறைவாக உள்ளன. அதற்கான தாய்மார்களைத் தொடக்க மாதங்களிலேயே தேர்ந்தெடுங்கள்; ஒரு கர்ப்பத்தைப் பின்தொடரப் பல மாதங்கள் தேவை.

12. பணியிடத்திற்குத் திரும்பும்போது

முதல் வாரத்தில் மகப்பேறு மருத்துவரோடும் செவிலியர் கண்காணிப்பாளரோடும் அமர்ந்து, யாரை நீங்கள் பார்ப்பீர்கள், யாரைப் பார்க்கமாட்டீர்கள், எந்த அறிகுறியில் மருத்துவரை அழைப்பீர்கள் என்பதை எழுதி, மூவரும் கையொப்பமிடுங்கள். வாய்மொழி ஏற்பாடு முதல் சிக்கலிலேயே கலைந்துவிடும். உங்களைப் பிரசவ அறையிலேயே தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே தாளில் சேருங்கள். சுழற்சி முறையில் வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டால் கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும்.

மருத்துவரை அழைக்கும்போது தாயின் நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு வேண்டியது ஆகியவற்றை இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். ‘கொஞ்சம் வந்து பாருங்கள்’ என்று முடிக்காமல், ‘7 செ.மீ.-இல் 2 மணி நேரமாக நிற்கிறது, துடிப்பு 150, சாலையில் மழை, இப்போதே உதகைக்கு அனுப்ப வேண்டும் என்று கருதுகிறேன்’ என்று சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் பெற்ற பதிலையும் படிவத்தில் எழுதுங்கள். வண்டி புறப்படும் முன் அந்தப் படிவத்தின் நகலைத் தாயுடன் அனுப்பி, ஏற்றுக்கொள்ளும் பிரசவ அறைக்கு நீங்களே தொலைபேசியில் விவரத்தைச் சொல்லுங்கள்.